இடது காலின் வேலை

ராகுகாலம் முடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருக்குதுங்கம்மணின்னு சொல்லிட்டு மெக்கானிக் சவரிமுத்தண்ணன் போய் ஸ்டூல்ல உக்காந்துட்டாரு. உக்காரட்டும். நானும் உக்காந்துதான் இருக்கேன், கார்ல, ஸ்டீரிங்குக்கு நேரா. நாலு சக்கரத்துக்குக் கீழயும் நாலு எலுமிச்சம்பழம், பானெட் மேல சந்தனம் குங்குமம், ரேடியேட்டர்ல ஒரு மொழம் மல்லி, எல்லாம் எட்டரைக்கே முடிஞ்சுது. ஒன்பது அடிச்சதும் மனுசன் துணியில கையத் துடைச்சிட்டு நவுந்துட்டாரு. வேதக்காரர். ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போகாம இருக்க மாட்டாரு, பட்டறைச் சுவத்துல மாதா படம், அதுக்கு சீரியல் பல்பு வேற, ஆனா ராகுகாலத்துல ஒரு ஸ்பேனரைத் தொடுங்கன்னா ரெண்டு கையையும் பின்னால கட்டிக்குவாரு. "ஏனுங்கண்ணா, உங்க பைபிள்ல எங்க இருக்குது ராகுகாலம்?"ன்னு ஒருக்காக் கேட்டேன். "பைபிள்ல இல்லீங்கம்மணி, காலண்டர்ல இருக்குதுங்களே"ன்னாரு. சனிக்கிழமை ஒன்பதுல இருந்து பத்தரை, கோயமுத்தூர்ல பாதிப்பேரு இப்படித்தான் கையக் கட்டிட்டு உக்காந்திருப்பாங்க, எங்க அண்ணன் நடராஜும் ரேஸ் கோர்ஸ் ரோட்டு வீட்டுல இஸ்திரி போட்ட சட்டையோட இப்படித்தான் கடியாரத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பாரு. பத்தரைக்குக் கிளம்பி வருவாரு. வந்து இந்தக் கார எடுப்பாரு. எலுமிச்சம்பழத்தை அவரு ஏத்தி நசுக்குவாரு, பழைய கார் கண்காட்சிக்கு அவரு ஓட்டிட்டுப் போவாரு, நான் பக்கத்துல உக்காந்துக்கணுமாம்.

பக்கத்துல. இந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டே எனக்கு அறுவது வயசு ஆகிப்போச்சு. இந்தக் காரை அப்பா வாங்கினது வால்பாறை எஸ்டேட் துரைகிட்ட, துரை சீமைக்குக் கப்பல் ஏறறப்போ நாயையும் காரையும் விட்டுட்டுப் போனாராம், நாயை யாரோ கூட்டிட்டுப் போயிட்டாங்க, காரு எங்க வீட்டுக்கு வந்துது. எம்.ஜி.ன்னு சீமைக் காரு, ரெண்டு சீட்டு, மேல கூரை கெடையாது, முன்னால நீளமா மூக்கு, பின்னால முதுகுல ஒரு ஸ்டெப்னி. சாயங்காலம் மில்லு விட்டு அப்பா வந்ததும் ஒரு சுத்து. அண்ணன் அப்பா மடியில உக்காந்து ஸ்டீரிங்கப் பிடிச்சுக்குவாரு, நான் பக்கத்துல. "எனக்கு எப்பப்பா?"ன்னு கேட்டா, "உனக்கென்ன கண்ணு, ராணியாட்ட சொகமாப் பக்கத்துல உக்காந்து வா." அப்பா கைதான் என்னையத் தூக்கி சீட்டுல வெக்கும், திரும்பி வந்தா அந்தக் கைதான் எறக்கி விடும், அதே கைதான் ஒரு நாளும் ஸ்டீரிங்க எனக்குக் குடுக்கலை. அப்பா நல்லவரு. நல்லவரு மேல கோவப்பட முடியாதுன்னு யாரு சொன்னது, எனக்குக் கோவந்தான், இன்னைக்கும் கோவந்தான். ஒன்றரை வயசுல ஒரு காச்சல், காச்சல் எறங்கினப்போ இடது காலும் கூடவே எறங்கிப் போச்சு. அதுல இருந்து கல்யாண வீடுன்னா ஒறம்பரைக சொந்தக்காரங்க வர்றதுக்கு முந்தியே என்னையக் கொண்டு போயி முதல் வரிசையில உக்கார வெச்சிருவாங்க, எல்லாரும் போன பொறகுதான் எந்திரிக்கணும். பொண்ணு பாக்க வந்த அம்மா ஒருத்தி, "உக்காந்திருக்கறப்ப மகாலட்சுமியாட்ட இருக்குது புள்ள"ன்னு வாய் நெறயச் சொன்னா, நானும் சிரிச்சுட்டே காபி எடுத்து வர எந்திரிச்சேன், இடது கையத் தொடையில ஊனி, ஒரு எட்டு, கையத் தொடையில ஊனி, இன்னொரு எட்டு. அந்தம்மா காபியக் குடிக்கவே இல்லை. போகட்டும். ஆனா அப்பா கூட கார்ல போன அந்த ஆறு வயசுலயே எனக்கு ஒண்ணு தெரிஞ்சு போச்சு, அதை யாருக்கும் சொன்னதில்லை: கார்ல போறவன் எவனும் எந்திரிச்சு நிக்கறதில்லை. ராசாவானாலும் உக்காந்துதான் போறான். கார்க்குள்ள என்னையும் அண்ணனையும் வெச்சுப் பாத்தா யாருக்குக் காலு நல்ல காலுன்னு ஒருத்தனாலயும் சொல்ல முடியாது.

வெயில் கூரைத் தகரத்து ஓட்டை வழியா எறங்கிருச்சு, சீட்டுத் தோலு சூடாகுது. புதுத் தோல் வாசனை, கிரீஸ் வாசனை, மல்லி வாசனை, மூணும் சேந்து ஒரு மாதிரி மயக்கமா இருக்குது. பாகம் பிரிச்சப்போ மில்லு அண்ணனுக்கு, வீடு அண்ணனுக்கு, "அந்தக் கார் இந்திராணிக்கு இருக்கட்டும், அப்பா நெனப்பா வெச்சுக்கட்டும்"னு பெருந்தன்மையாச் சொன்னாரு அண்ணன். பஞ்சுக் குடோன்ல டயர் இல்லாம செங்கல்லு மேல நின்னுட்டிருந்துது, சீட்டுக்குள்ள எலி குட்டி போட்டிருந்துது. நான் சரின்னுட்டேன். இவ்வளவு வெரசா சரின்னு சொல்லுவான்னு எதிர்பாக்காம அண்ணன் என்னைய ஒரு பார்வை பாத்தாரு. அப்பறம் போஸ்ட் ஆபீஸ் வேலை, மில்லுக்காரர் மவ கவுண்டர்ல உக்காந்து முத்திரை குத்தறாளேன்னு ஊரே சிரிச்சுது, சிரிங்கடா, சம்பளம் என்னோடது. ரிட்டயர் ஆன அடுத்த வாரமே காரை லாரியில ஏத்தி இங்க கொண்டாந்தேன். சவரிமுத்தண்ணன் சுத்திச் சுத்தி வந்து, "ஒரிஜினலா கொண்டாரணுங்களா, இல்ல ஓடற மாதிரி கொண்டாரணுங்களா?"ன்னு கேட்டாரு. ஒரிஜினல். அன்னைக்குப் பிடிச்ச சனியன் இந்தச் சொல்லு. பழைய கார் சங்கத்துச் செயலாளர்னு ஒருத்தர் தொப்பி போட்டுட்டு வந்து டார்ச் அடிச்சு அடிச்சுப் பாத்தாரு, "மேடம், ஒரிஜினல்னா ஃபேக்டரியில இருந்து வந்தது வந்தபடி இருக்கணும்"னு பாடம் எடுத்தாரு. ஏனுங்க, நாங்கூட வந்தது வந்தபடி ரெண்டு நல்ல காலோடதான் வந்தேன், அதுக்கு யாரு என்னைய மெடல் குத்தி உக்கார வெச்சாங்க? அவுத்துப் பாத்தா இந்தக் கார்ல எது ஒரிஜினல்? டைனமோ ஜீப்போடது. பிரேக் டிரம்மு பீளமேட்டு ஃபவுண்டரியில வார்த்தது, அப்பாவே நின்னு வார்த்தாரு. துரை காலத்துலயே அடித்தகட்டுல ஓட்டை போட்டு அடைச்சிருக்காங்க, எதுக்குன்னு மாதாவுக்குத்தான் வெளிச்சம். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க தேவைக்கு ஓட்டை போட்டிருக்காங்க. என் தேவைக்கு நான் போட்டா மட்டும் ஒரிஜினல் போயிருமாம்.

போட்டேன். கியர்த்தடியோட சேத்துப் பிடிக்கற மாதிரி ஒரு லிவர், என் பழைய ஸ்கூட்டர்ல இருந்து கழட்டினது, பக்கத்துல ரெண்டு சின்னச் சக்கரம் வெச்சு முப்பது வருசம் போஸ்ட் ஆபீஸ் போனேனே, அந்த ஸ்கூட்டர். லிவர்ல இருந்து ஒரு கேபிள், அடித்தகட்டுல ஓட்டை போட்டுக் கீழ எறக்கி நேரா கிளட்சுக்கு. முதல்ல இழுத்தப்போ கல்லாட்ட இருந்துது, ஒரு இனுக்குக் கூட அசையலை. சவரிமுத்தண்ணன் உதட்டைப் பிதுக்கினாரு, "பொம்பளைக் கையிக்கு ஆவாதுங்க." நடுவுல ஒரு கப்பி குடுங்கன்னு நாந்தான் சொன்னேன், கெணத்துல தண்ணி எறைக்கறதில்லையா அந்த மாதிரி. ஒண்ணுக்கு ரெண்டா குடுத்தப்பறம் இளகி வந்துது. அவரு இழுத்துப் பாத்துட்டுக் கையை ஒதறினாரு, இப்பவும் கஷ்டங்கறாரு. நான் இழுத்தேன். வந்துச்சு. ஏன் வராது? அறுவது வருசமா ஒவ்வொரு எட்டுக்கும் தொடையை அழுத்திப் பிடிச்சு நடந்த கை இது. இடது காலு செய்ய வேண்டிய வேலைய இடது கைதான் செஞ்சுட்டிருக்குது, இந்தக் கைக்கு அது ஒண்ணும் புதுசில்லை. கிளட்ச்சும் இடது காலு வேலைதான? அவ்வளவுதான் விசயம். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பாத்து, என்னைய ஓட்டச் சொல்லிப் பாத்து, தலையாட்டி லைசென்ஸ் குடுத்துட்டாரு, இந்த வீட்டாளுகதான் தலையாட்ட மாட்டேங்கறாங்க. கலரு? பச்சைதான் ஒரிஜினலாம். நான் மயில்கழுத்து அடிச்சேன். பெயிண்டர் எத்தனை டப்பாவக் கலந்தும் சரியா வரலை, கடைசியில என் பட்டுச் சேலை முந்தியக் கொண்டாந்து பானெட் மேல விரிச்சேன், நேராப் பாத்தா நீலம், சாஞ்சு பாத்தா பச்சை, "அட, இதுங்களா!"ன்னான். இப்ப வெயில் அதும் மேல நகந்து வருது, நீலம், பச்சை, நீலம். எனக்கு அழுகை வர்ற மாதிரி இருக்குது. அழக்கூடாது, மை கரைஞ்சிரும், இன்னைக்குக் கண்ணுக்கு மை போட்டிருக்கேன்.

போன் அடிக்குது. அண்ணன். "கண்ணு, ரெடியா? நான் ராகு முடிஞ்சதும் கிளம்பிருவேன். சவரிகிட்ட நேத்தே சொல்லிட்டேன், அந்த ஸ்கூட்டர் லிவரக் கழட்டச் சொல்லி. பேப்பர்காரங்கெல்லாம் வர்றாங்க கண்ணு, பாக்கறவங்களுக்கு என்னமோ மாதிரி இருக்கும். ஷோ முடிஞ்சதும் மறுக்கா மாட்டிக்கலாம். நான் ஓட்டறேன், நீ பக்கத்துல உக்காந்துக்க, அப்பா இருந்தப்போ மாதிரி." நான் ம்னு கூடச் சொல்லலை. சொல்லலைன்னா சரின்னு அர்த்தம் அவருக்கு, எப்பவுமே அப்படித்தான். வெச்சுட்டாரு. நான் சவரிமுத்தண்ணனப் பாத்தேன், அவரு மாதா படத்தப் பாத்தாரு. "நெசமாங்கண்ணா?"ன்னேன். "அண்ணன் சொன்னாருங்கம்மணி. பத்து நிமிச வேலைங்க. ராகுகாலம் முடிஞ்சதும்..." ராகுகாலம் முடிஞ்சதும். மோதிர ஸ்பேனர் பென்ச்சு மேல ஏற்கனவே எடுத்து வெச்சிருக்குது, பத்து நிமிச வேலைக்கு வேண்டியது எல்லாம் வரிசையா இருக்குது, நாந்தான் இத்தனை நேரம் கண்ணுல மை போட்டுட்டு அதப் பாக்காம உக்காந்திருக்கேன். என்னமோ மாதிரி இருக்குமாம். என்ன மாதிரிண்ணா? நொண்டி மாதிரி. சொல்லுங்களேன், வாயத் தொறந்து சொல்லுங்களேன். மயில்கழுத்துக் கலர முழுங்கிக்கிட்டாரு, போட்டோவுல எடுப்பா இருக்கும்னு. ஆனா லிவரு? அது அங்க இருந்தா இது நடராஜ் காரு இல்லை, யாரோ ஒரு இடது கால் வராதவ ஓட்டற காருன்னு அது வாய் விட்டுச் சொல்லிரும். அதனால கழட்டணும். என்னைய முதல் வரிசையில முந்தியே உக்கார வெச்ச மாதிரி. கழட்டிட்டா நான் இந்த சீட்டுல இருந்து எறங்கி, தொடையில கைய ஊனி, அந்தப் பக்கம் நடந்து போயி, பக்கத்துல ஏறணும், எல்லாரும் பாக்க. மாட்டேன். மாட்டேன், மாட்டேன்.

ஆனா பயம் இருக்குது. பொய் சொல்லக் கூடாது. பட்டறை வாசல்ல ஒரு மேடு, ஆள் உசரம் ஏறி ரோட்டுல சேரும். முத்தத்துல முன்னும் பின்னும் எத்தனையோ தடவை ஓட்டியாச்சு, ஆனா அந்த மேட்டுல ஒரே ஒருக்கா, அதும் பாதியில இஞ்சின் நின்னு பின்னால உருண்டு ஆயில் டிரம்முல முட்டி, நல்லவேளை பம்பர் மட்டும் போச்சு. காரணம் எனக்குத் தெரியும். மத்தவங்க மேட்டுல ஹேண்ட்பிரேக்கப் பிடிச்சுட்டு கிளட்ச்ச விடுவாங்க. எனக்கு ஹேண்ட்பிரேக்குக்கும் இடது கை, கிளட்ச்சுக்கும் இடது கை. இருக்கறது ஒரு கை. அப்ப பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் வலது காலு ஒண்ணேதான் ரெண்டு வேலையும் பாக்கணும், நுனியில பிரேக்க மிதிச்சுட்டு ஓரத்துல ஆக்சிலேட்டர அழுத்தணும். செருப்பில்லாத காலா இருந்தா நல்லாத் தெரியும். செருப்பக் கழட்டிட்டேன். அடித்தகடு சுடுது. நுனி, ஓரம். நுனி, ஓரம். ஒரே காலுல ரெண்டு காலு வேலை பாக்கறதா, அட, இதத்தானடி இந்திராணி நீ பொறந்ததுல இருந்து பாத்துட்டிருக்க. பொறந்தது. நான் பொறந்தது எப்பன்னு நெனச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, நெசமாலுமே சத்தமாச் சிரிச்சுட்டேன், சவரிமுத்தண்ணன் திரும்பிப் பாத்தாரு. சனிக்கிழமை, காலையில, ராகுகாலத்துல. அத்தைமாருக பூரா அதத்தான் சொல்லிச் சொல்லி மாஞ்சாங்க, "ராகுகாலத்துல விழுந்த புள்ள, அதான் கால வாங்கிட்டுது." ஜாதகத்த எந்த மாப்பிள்ளை வீட்டுலயும் நீட்டலை. ஊருக்கெல்லாம் கெட்ட நேரம், எனக்கு அதுதான் நான் வந்த நேரம். இப்ப பாரு, அண்ணன் வீட்டப் பூட்டிட்டுக் கிளம்ப மாட்டாரு. சவரி ஸ்பேனரத் தொட மாட்டாரு. பத்தரை வரைக்கும் இந்த ஊருல எந்த ஆம்பளையாலயும் என் லிவரக் கழட்ட முடியாது. இத்தன பேரு கையக் கட்டிப் போட்டுட்டு அந்த ராகு எனக்குன்னு ஒரு நேரம் ஒதுக்கி வெச்சிருக்குது, நான் என்னடான்னா அது முடியட்டும்னு காத்துட்டிருக்கேன்! கிறுக்கி.

சாவியத் திருப்பினேன். உள்ள பெட்ரோல் பம்ப்பு டிக் டிக் டிக்குன்னு அடிச்சு நின்னுது, நெறஞ்சிருச்சு. சவரிமுத்தண்ணன் எந்திரிச்சுட்டாரு. "அம்மணி! இன்னும் நேரம் இருக்குதுங்க! ராகுகாலமுங்க!" சோக்க இழுத்து, ஸ்டார்ட்டர் குமிழ இழுத்தேன், ஒருக்கா கமறி ரெண்டாந்தடவை பிடிச்சுக்கிச்சு, சீட்டு, ஸ்டீரிங்கு, என் பல்லு, எல்லாம் அதிருது. "பட்டறைக் கதவத் தொறங்கண்ணா." "வேண்டாமுங்கம்மணி, அண்ணன் என்னையத்தான் பேசுவாரு." "பேசினா, ராகுகாலத்துல நான் எதையும் தொடலீங்கன்னு சொல்லுங்க. கதவத் தொறங்க, இல்ல கதவோடவே போறேன்." தொறந்தாரு. ராகுகாலத்துல கதவத் தொறந்தாரு, சிலுவை போட்டுட்டே தொறந்தாரு. ஹேண்ட்பிரேக்க எறக்கிட்டு லிவர இழுத்தேன். கியர் விழுந்துது. விட்டேன், மெதுவா, ஒவ்வொரு விரலா, தொடையில இருந்து கையை எடுக்கற மாதிரி. நச்சு, நச்சுன்னு முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு, எலுமிச்சம்பழ வாசனை குப்புன்னு அடிச்சுது. மேடு. மூக்கு மேல தூக்கிருச்சு, ரோடு தெரியலை, வானந்தான் தெரியுது. மேட்டு மேல லாரி ஒண்ணோட கூரை மட்டும் போகுது, நிறுத்தணும். நிறுத்தினேன். இப்ப. நுனி, ஓரம். இஞ்சின் ஏறி ஏறி உறுமுது, வண்டி ஒரு சாண் பின்னால எறங்குச்சு, பின்னால சவரிமுத்தண்ணன் "மாதாவே"ங்கறது கேக்குது, ரெண்டு விரல விட்டேன், மூணு, பிடிச்சுக்கிச்சு, தாயே, பிடிச்சுக்கிச்சு, நுனிய எடுத்தேன், ஏறுது. ரோட்டுல இருந்தேன். காத்து மூஞ்சியில அடிக்குது. நான் என்னமோ கத்தினேன், என்னன்னு தெரியலை. டவுன் பஸ்ல ஜன்னலோரம் இருந்தவங்க எட்டிப் பாத்தாங்க, பாருங்க, நல்லாப் பாருங்க, உக்காந்துதான் இருக்கேன், எல்லாரும் உக்காந்துதான் இருக்கோம்.

ரேஸ் கோர்ஸ் ரோட்டுல மர நிழலு விழுந்து விழுந்து போகுது, நீலம், பச்சை. அண்ணன் வீட்டு கேட்டுக்கு முன்னால நிறுத்தி ஹாரன் அடிச்சேன். கேட்டுக்கு உள்ள நின்னுட்டிருந்தாரு, இஸ்திரி போட்ட சட்டை, வெள்ளை வேட்டி, கையில கார் ஓட்டறவங்க மாட்டற தோல் கையுறை. அதுக்குன்னே வாங்கியிருக்காரு போல, பாவம். முதல்ல காரப் பாத்தாரு, அப்பறம் என்னைய, அப்பறம் லிவரப் பிடிச்சிருந்த என் கைய. அவருக்கும் அறுவத்திரெண்டு ஆச்சு, கழுத்தெல்லாம் சுருங்கிப் போச்சு, அப்பா மடியில இருந்து எறங்கவே இல்லை இவரு. "ராகுகாலத்துல எடுத்துட்டியே கண்ணு"ன்னாரு. "ஆமாங்கண்ணா. ஏறுங்க, பக்கத்துல உக்காருங்க"ன்னேன். கேட்டுத் தாழ்ப்பாள்ல கைய வெச்சாரு. மறுக்கா கடியாரத்தப் பாத்தாரு. "இன்னும் இருவது நிமிசம் இருக்குது. சித்த பொறு கண்ணு, முடியட்டும்." கண்காட்சி மைதானம் அந்த மொனையிலதான், மைக் செட்டு சத்தம் இங்கியே கேக்குது. "எனக்கு நேரமாச்சுங்கண்ணா. நீங்க ராகுகாலம் முடிச்சிட்டு நடந்து வாங்க"ன்னேன். லிவர்ல இருந்த இடது கைய மெதுவா விட்டேன், காரு நவுந்துது.